பொதுக்காட்டுக்குப் போகிற பிள்ளைக்கு

கண்ணு,

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் திறக்கிறது. மொத்தம் 9 நாள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆரஞ்சு உடுப்போடு காட்டில் இறங்குவார்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்துக்குப் போவார்கள். நம்மைப் போல வந்து குடியேறியவர்களுக்குத் தாத்தா விட்டுப்போன நாற்பது ஏக்கர் கிடையாது, பொதுக்காடுதான் கதி. முப்பது வருஷமாக நான் போவதும் அங்கேதான். விஸ்கான்சின் ஆற்றின் கீழ்ப்பகுதி, பனிப்பாறைகள் தட்டையாக்காமல் விட்டுப்போன மேடும் பள்ளமுமான தென்மேற்குச் சீமை. முதல் ஏழு வருஷம் ஒரு மான்கூட என் வீட்டுக்கு வரவில்லை. அந்த ஏழு வருஷத்தில் பட்டதும் அதற்குப் பின் தெளிந்ததும்தான் இந்தக் கடிதம்.

1. பார்க்கிங்கில் இருபது ட்ரக் நிற்பதைப் பார்த்ததும் உனக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. அப்போது ஒன்றை நினைத்துக்கொள். இந்த நாட்டில் ஒரு காலத்தில் மானைச் சந்தைக்கென்றே சுட்டு, பல மாநிலங்களில் அடியோடு துடைத்துவிட்டார்கள். திரும்ப வந்தது சும்மா வரவில்லை. வேட்டைக்காரர்கள் சீசனுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பட்டார்கள், லைசென்ஸுக்குப் பணம் கட்டினார்கள். 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலாகி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது. அந்த ட்ரக்குகளில் வந்தவர்கள் உன் பங்காளிகள். பங்காளியோடு மனஸ்தாபம் வரலாம். அவனைத் திருடனைப் போலப் பார்க்கக் கூடாது.

2. வேட்டையை மார்ச்சில் தொடங்கு. பனி உருகி, புல் தழைக்காத அந்த மூன்று வாரம் காடு தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கும். மான் நடந்து நடந்து பள்ளமான தடம் சேற்றுக்கோடு போலத் தெரியும். போன இலையுதிர்காலத்தில் கிடா மான் கொம்பை உரசித் தோலுரித்த இளமரங்கள் வெள்ளையாய் நிற்கும். உதிர்ந்த கொம்பும் கிடைக்கும். எதிரே ஒரு மனிதரும் வரமாட்டார். நான் ஆரம்பத்தில் சீசனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் அவசர அவசரமாகச் சுற்றிப் பார்ப்பேன். என் வாடையைக் காடெல்லாம் தெளித்துவிட்டு மறுநாள் மானைத் தேடினால் எப்படி இருக்கும்?

3. மானைப் படிக்கும் முன் மனிதர்களைப் படி. எனக்குத் தெரிந்த பாடங்களில் இதுதான் பெரியது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். சீசன் திறந்த பிறகு பொதுக்காட்டு மான் ஓக் கொட்டையைவிட ஆள் வராத இடத்தைத்தான் அதிகம் தேடுகிறது. எனவே கூட்டம் எந்தப் பாதையில் நடக்கும், எங்கே உட்காரும், எத்தனை மணிக்கு அதற்குப் பசிக்கும் என்று நீ அறிந்திருக்க வேண்டும். எந்த பார்க்கிங்கில் எத்தனை வண்டி, காலடிகள் எந்தப் பக்கம் போகின்றன, இருட்டில் வழி தெரிய மரத்தில் குத்திய மினுக்கு ஆணிகள் எங்கே போய் முடிகின்றன என்று ஒரு நோட்டில் குறித்துவை.

‘கூட்டத்தை விட்டு உள்ளே நட’ என்று எல்லோரும் சொல்வார்கள். நடந்தேன். இரண்டு மைல், இரண்டரை மைல். வியர்த்து வழிய இருட்டில் மேடேறினால் அங்கே ஏற்கெனவே மூன்று தலைவிளக்குகள் மினுங்கும். அவர்களுக்கும் யாரோ அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஏழாவது வருஷம் முழங்கால் வீங்கிவிட்டது. பதினொரு மணிக்கே திரும்பி, ட்ரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கிங்கை ஒட்டி டாக்வுட் புதர், சிவப்புச் சிவப்பான குச்சிகளாய் அடர்ந்து கிடக்கும். இரண்டு ஏக்கர்கூட இருக்காது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் காட்டுக்குள் போவோம். அதற்குள் ஒரு காது திரும்பியது. ஒரே ஒரு காது. பைனாகுலரை எடுத்தேன். ஈரமான கறுப்பு மூக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், அப்புறம் கொம்பின் அடிப்பகுதி. காலை நாலரை மணியிலிருந்து நாங்கள் கதவு சாத்துவதையும் காபி ஊற்றுவதையும் அது படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு முன் எத்தனை மான்கள் அதே இடத்தில் படுத்து என்னைப் பார்த்தனவோ! பின்னால் சாலை இருந்ததால் அன்று துப்பாக்கியைத் தொடவில்லை. அடுத்த வருஷம் புதரின் மறுபக்கம், சாலைக்கு முதுகு காட்டி, பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். என் முதல் மான் அங்கே கிடைத்தது.

மனிதர்கள் இளப்பமாய்த் தாண்டிப்போகிற துண்டுகளைத் தேடு. பாலத்தடிக் கோரை, இரண்டு பாதைகளுக்கு நடுவே சிக்கிய முக்கோணம், முள் அடர்ந்து ‘இதற்குள் யார் போவது’ என்று தோன்றும் ஓடைக்கரை. அங்கே புழுக்கை ஈரமாய் இருந்தால் உனக்கு வேலை இருக்கிறது.

4. ஆற்றைக் கடந்தாலும் கூட்டம் குறையும். திட்டுகளுக்குக் கனோ துடுப்பு போட்டுப் போகலாம். ஆனால் நவம்பர் தண்ணீர் ஆளைக் கொல்லும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் கால் வைத்தாய் என்று கேள்விப்பட்டால் உன்னோடு பேசமாட்டேன்.

5. காற்று வாட்டத்தை மதி. மானின் கண்ணுக்கு உன் ஆரஞ்சு சட்டை மங்கலாய்த்தான் தெரியும். அசையாதிருந்தால் அதன் கண்ணை ஏய்க்கலாம். மூக்கை ஏய்க்க முடியாது. ‘வாடையே வராத’ சோப்பு, ஸ்ப்ரே என்று நான் கொட்டிய காசுக்கு இரண்டு நல்ல பூட்ஸ் வாங்கியிருக்கலாம். எனக்கு உதவியது ஒரு களைச்செடியின் பஞ்சு. இங்கே மில்க்வீட் என்கிறார்கள். நம் ஊர் எருக்கின் குடும்பம்தான். ஒடித்தால் அதே வெள்ளைப் பால், காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. அக்டோபரில் நாலைந்து காய் பறித்துப் பையில் போட்டுக்கொள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு இழையை விட்டுப் பார். கன்னத்தில் படும் காற்று ஒரு கதை சொல்லும். அந்த இழை இருபது கஜம் போனபின் வேறு கதை சொல்லும். மேட்டில் ஏறுவது போலப் போய், சட்டென்று வளைந்து, ஓடைக்குள் இறங்கும். உன் வாடையும் அப்படித்தான் போகிறது. வெயில் ஏறினால் மலைச்சரிவில் காற்று மேலே போகும். பொழுது சாய்ந்து குளிர்ந்தால் தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழியும். இதை அறியாமல் சாயங்காலம் மேட்டில் உட்கார்ந்து, கீழே வரும் மான்களுக்கெல்லாம் நான் ஆள் அனுப்பித் தகவல் சொல்லிக்கொண்டிருந்தேன், வருஷக்கணக்காக.

காற்று சரியில்லாத நாளில், நீ மார்ச்சிலிருந்து பார்த்துவைத்த அந்த அருமையான இடத்துக்குப் போகாதே. அதற்குத்தான் மூன்று நான்கு இடம் வைத்திருக்கச் சொல்கிறேன். ஆசைப்பட்ட இடத்தைக் காற்றுக்காக விட்டுக்கொடுப்பது எளிதில்லை. எனக்குப் பழக ரொம்ப நாளாயிற்று.

6. உன் இடத்தில் வேறொருவர் முன்பே இருந்தால், விளக்கை ஒருமுறை அசைத்துக் காட்டிவிட்டுத் திரும்பி வா. பொதுக்காட்டில் ‘உன் இடம்’ என்று ஒன்று கிடையாது. முந்தியவருக்கு அன்றைய காலை. மூன்றாவது வருஷம் நான் திரும்பவில்லை. மாதக்கணக்கில் பார்த்துவைத்த மேடு, விட மனசில்லை. முன்பே அங்கிருந்தவர் பரணிலிருந்து விளக்கடித்துக் காட்டியும் எண்பது கஜம் தள்ளிப்போய் வீம்பாய் உட்கார்ந்தேன். அன்று எதுவும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். மத்தியானம் பார்க்கிங்கில் அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. “எட்டு மணிக்கு ரெண்டு பெட்டை மான் என் முன்னால் நின்றது. அதுக்கு நேர் பின்னால் நீ இருந்தாய். அதனால் சுடவில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் இருட்டில் எதிரே ஒரு விளக்கு அசைந்தால் அந்த முகம் ஞாபகம் வருகிறது.

7. எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்டது என்றே நினை. குழல்முனை எப்போதும் ஆள் இல்லாத பக்கம். இலக்கு எது, இலக்குக்கு அப்பால் என்ன, இரண்டும் தெரிந்த பிறகே குறி. சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. வகுப்பில் கற்றதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் நீ.

8. பரண் ஏறினால் தரையிலேயே ஹார்னஸ் மாட்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் கயிற்றில் கொக்கி இருக்கட்டும். பெரும்பாலோர் விழுவது ஏறி இறங்கும்போதுதான். துப்பாக்கியைக் குண்டில்லாமல் தனிக் கயிற்றில் பின்னால் இழுத்துக்கொள். வீட்டில் ஒருவரிடம் எந்த மேடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. நான் ஒரு முறை பனி படிந்த படியில் வழுக்கி, ஹார்னஸ் பட்டையில் தொங்கினேன். அன்று பட்டையை மாட்டியது யோசித்துச் செய்ததல்ல, பழக்கம். அதனால்தான் பழக்கமாக்கிக்கொள் என்கிறேன்.

9. பத்து மணிக்குக் குளிரும் பசியும் சேர்ந்து உன்னை இறங்கச் சொல்லும். இறங்காதே. அந்நேரம்தான் மற்றவர்கள் எழுந்து வண்டிக்கு நடப்பார்கள். அவர்கள் கலைத்த மான் உன் பக்கம் வரும். கூட்டம் உனக்காக வேலை செய்யும் நேரம் அது. இரண்டு சப்பாத்தி, பிளாஸ்க், உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி. பொறுமை என்பதில் பாதி சாக்ஸ்தான். சனி ஞாயிறு முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும். லீவு கிடைத்தால் செவ்வாய், புதனில் போ. அந்த நாட்களின் நிசப்தத்தை நான் விவரிக்க மாட்டேன், நீயே போய்க் கேள்.

10. இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான்காவது வருஷம், பொழுது சாயும் நேரம். ஒரு பெட்டை மான் எதிர்ச்சரிவில் நின்றது. நூற்றைம்பது கஜத்துக்கு மேல் இருக்கும். எனக்கு நூறு கஜம் வரைதான் பழக்கம். உடம்பு பாதி மரத்துக்குப் பின்னால். ‘நான் சுடாவிட்டால் அடுத்த மேட்டுக்காரன் சுட்டுவிடுவான்’ என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் விசையை இழுத்தது. குண்டு முன்காலுக்குப் பின்னால் நெஞ்சில் படவில்லை, வயிற்றில் பட்டது. நின்றிருந்த இடத்தில் கருஞ்சிவப்பு ரத்தம், பச்சையாய் மென்ற தீனி ஒட்டிய மயிர். இதைப் பார்த்தால் ஆறேழு மணி நேரமாவது தொடரக் கூடாது. விட்டால் அருகிலேயே படுக்கும், துரத்தினால் எழுந்து போய்க்கொண்டே இருக்கும். யாரோ எடுத்துவிடுவார்கள் என்ற அதே பயம் மறுபடியும். பத்தே நிமிஷத்தில் இறங்கி ஓடினேன். படுத்திருந்த இடத்திலிருந்து அது எழுந்து போனதைப் பார்த்தேன். இருட்டிவிட்டது. மூன்றாம் நாள் காக்கைகள் கூட்டிப்போய்க் காட்டின.

கூட்டம் நமக்குச் செய்யும் பெரிய கெடுதல் மானை விரட்டுவதல்ல, கண்ணு. நம்மை அவசரப்படுத்துவது. பக்கவாட்டில், திறந்து, நின்று, உன் தூரத்துக்குள் இருந்தால் சுடு. நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல் ரத்தம். அப்போதும் அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டுப் போ. அப்படி நிற்காத மானை விட்டுவிடு, அடுத்த மேட்டுக்காரருக்கே அது கிடைக்கட்டும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் சாப்பிடும்.

11. ‘மானையா சுடுகிறாய்?’ என்று ஊரிலிருந்து கேட்பார்கள். என் அம்மா கேட்டாள், அழுதாள். மழுப்பாதே. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அங்கே அதுதான் நியாயம். இங்கே ஓநாயை ஒழித்துவிட்டு, காட்டைச் சோளக்கொல்லைகளால் சூழவைத்த பிறகு, மான் பெருகி இளம் ஓக்கைத் தலையெடுக்க விடுவதில்லை. நம் ஆற்றங்கரையிலேயே, பாரபூவுக்குப் பக்கத்தில், 1935ல் ஒரு வீணாய்ப்போன பண்ணையை வாங்கி மரம் நட்டவர் ஆல்டோ லியோபால்டு. இளவயதில் ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று நம்பி ஓநாயைச் சுட்டவர். பிறகு மான் மேய்ந்து மொட்டையாக்கிய மலைகளைப் பார்த்து மனம் மாறினார். 1940களில் பெட்டை மானையும் சுட்டால்தான் காடு பிழைக்கும் என்று இந்த மாநிலத்தில் வாதாடி, வேட்டைக்காரர்களிடமே வசை வாங்கினார். தன் பழைய தப்பை எழுதியே வைத்துவிட்டுப் போன மனுஷர். அவர் எழுதியதைப் படி. அம்மாவிடம் நான் இவ்வளவும் சொன்னேன். “அப்படின்னா வீணாக்காம சாப்பிடு” என்றாள். அதை நான் மீறியதில்லை.

12. யாரும் பார்க்காத இடத்தில் சட்டத்தைக் கடைப்பிடி. எடுத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய். தலையைப் பரிசோதனைக்குக் கொடு. சி.டபிள்யு.டி. என்கிற, மானைத் தாக்கும் மூளை நோய் இந்த மாநிலத்தில் முதலில் தெரிந்தது 2002ல், இந்தத் தென்மேற்குப் பகுதியில்தான். அதற்கு மருந்து இல்லை. முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வை. நோய் உண்டு என்று வந்தால் சாப்பிடாதே, யாருக்கும் கொடுக்காதே. குண்டு செம்பில் வாங்கு. ஈயம் கறிக்குள் பொடிப்பொடியாய்ச் சிதறும்; நாம் விட்டுவரும் குடலைத் தின்கிற வெண்தலைக் கழுகு அதனால் சாகிறது. குளிர்காலத்தில் நம் ஆற்றோரம் அவை வரிசையாய் உட்கார்ந்திருப்பதை நீ பார்த்திருக்கிறாய்.

13. இடத்தைப் பறைசாற்றாதே. ஒரு விருந்தில் பெருமைக்காக நான் வாய்விட்டேன். அடுத்த நவம்பரில் அந்தச் சின்ன பார்க்கிங்கில் ஆறு ட்ரக். அதற்காகப் பொய்யும் சொல்லாதே. ஒரு புதுப் பிள்ளை வந்து கேட்டால், மார்ச்சில் அதையும் கூட்டிக்கொண்டு போய், எப்படிப் பார்ப்பது என்று காட்டு. யாராவது மானை இழுக்க முடியாமல் மேட்டில் திணறினால் துப்பாக்கியிலிருந்து குண்டை இறக்கிவிட்டுப் போய் ஒரு கொம்பைப் பிடி. எட்டாம் வருஷம் என் மானின் மறு கொம்பைப் பிடித்தது யார் என்று நினைக்கிறாய்? விளக்கடித்த அந்தப் பெரியவர்தான். வழியில் அவர் பேசியதெல்லாம் ஓக் மரங்களைப் பற்றி. வெள்ளை ஓக்கின் கொட்டை துவர்ப்புக் குறைவு, ஒரே வருஷத்தில் விளைவது. மான் முதலில் அதற்குத்தான் வரும் என்றார். பழைய சங்கதியை எடுக்கவே இல்லை.

14. வெறுங்கையோடு வரும் நாட்கள்தான் அதிகம். அன்றைக்கும் நோட்டில் எழுது. காற்று, வண்டிகள், என்ன பார்த்தாய். ஒரு வருஷம் முழுக்க நான் எழுதியிருப்பது ஒரு கீரி போன்ற வீசலும் இரண்டு ஆந்தையும். அந்தப் பக்கங்களை இப்போதும் எடுத்துப் படிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்குள் வந்துவிடு. சாப்பிட்டுச் சீக்கிரம் படுத்தால் மூன்றரைக்கு எழலாம். டாக்வுட் புதருக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் நீ உட்கார், நான் ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிறேன். அங்கே வேறு யாராவது முந்தியிருந்தால் போவதற்கு இன்னும் இரண்டு இடம் பார்த்துவைத்திருக்கிறேன். மில்க்வீட் காய் ஒன்று உனக்கென்று வெடிக்காமல் பார்த்து எடுத்துவைத்தேன். கதவுக்குப் பக்கத்தில், ஆரஞ்சு சட்டையின் இடது பையில் இருக்கிறது.